மாமன் வராத விமானம்

ஜூன் 10, செவ்வாய்

பந்தல்காரன் இன்றுதான் வந்து மூங்கில்களைப் பிடுங்கிக்கொண்டு போனான். வாசலெல்லாம் குழி. மண்ணைப் போட்டு மூடு என்றால் அது தனிக் கூலியாம்.

என் மகள் நிறைமதியின் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை நடந்து முடிந்தது. குறையில்லாமல் நடந்தது என்று எழுதத்தான் ஆசை. தாய்மாமன் இல்லாமல் நடந்தது. என் தம்பி இளவழகன் லண்டனிலிருந்து வெள்ளிக்கிழமை வந்து இறங்கியிருக்க வேண்டியவன். இடையில் விமானம் மாறுகிற நாட்டில் வியாழனன்று கலவரம், ஊரடங்கு, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். டி.வி.யில் எல்லோரும்தான் பார்த்தோம். டயர் எரிந்தது, பெட்டிகளோடு ஜனங்கள் தரையில் படுத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் என் தம்பி எங்கே என்று திரையை ஒட்டி நின்று தேடினேன்.

மாமன் மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வர வேண்டியவன் அவன். பெரியப்பா மகன் ஒருவர் வேண்டாவெறுப்பாக அதையெல்லாம் செய்தார். பட்டம் கோணலாக இருந்தது. எல்லாப் போட்டோவிலும் கோணல்தான்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன் இளவழகன் போன் செய்தான். சபைக்கே கேட்கட்டும் என்று என் கணவர் போனை நாதஸ்வரக்காரர் மைக்கில் வைத்தார். "மாமா ஏர்போர்ட்லயே மாட்டிக்கிட்டேன்டா செல்லம். மனசெல்லாம் அங்கதான் இருக்கு" என்றான். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அப்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. அவன் பேசப் பேச இன்னொன்று. மண்டபம் முழுக்க ஸ்பீக்கரில் கேட்டது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி, "ஏர்போர்ட்ல பருப்பு வேகுது போல" என்றார். சம்பந்தி வீட்டார்கூடச் சிரித்தார்கள்.

நாள் கணக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு யாராவது சமைத்துத்தான் போடுவார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 11, புதன்

வாடகை அண்டாக்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒன்றில் நசுங்கல். நாங்கள் செய்ததல்ல என்று சண்டை போட்டேன். தோற்றேன்.

சாயங்காலம் அண்ணி ஆரம்பித்தார். அண்ணி என்பது என் கணவரின் அக்கா, சௌந்தரம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மின்வாரியத்தில் பணம் கட்டும் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கள்ள நோட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேர். மண்டப வாடகை அவர் பணம். அதனால் அவர் பேச்சுக்கு என் கணவர் மறுபேச்சுப் பேசமாட்டார்.

"ஆடிப் பெருக்குக்குத் தாலி பிரிச்சுக் கோக்கணும். உன் தம்பி அனுப்புன காச அதுல சேக்கக் கூடாது" என்றார்.

அரைப் பவுன் தங்கக் காசு அது. கல்யாணத்தன்று காலையில், டிக்கெட் போட்டுக் கொடுத்த நைனா டிராவல்ஸ் பாய் பழத்தட்டோடு கொண்டுவந்து, "தம்பி சார்பா மாமன் சீர்" என்று சபையில் வைத்தார். வர முடியாத நிலையிலும் நினைத்து அனுப்பியிருக்கிறான். நான் அதை எல்லோருக்கும் காட்டினேன், அண்ணிக்கு இரண்டு முறை.

"மாமன் காசு தாலியில ஏறுறது வழக்கந்தானே அண்ணி?"

"வந்து நின்ன மாமன் காசு ஏறும். பொய் சொன்னவன் காசு எங்க வீட்டுப் புள்ள கழுத்துல ஏறாது."

"அவன் பொய் சொல்லல. ஏர்போர்ட்ட மூடுனது ஒலகத்துக்கே தெரியும்."

"ஏர்போர்ட்ட மூடுனானுங்க, சரி. குக்கர யாரு மூடுனா?"

என் கணவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 12, வியாழன்

அண்ணியின் கோபம் குக்கரால் வந்ததல்ல. அறந்தாங்கியில் அப்பா கட்டிய வீட்டில் என் பங்கைப் போன வருடம் இளவழகனுக்கே எழுதிக் கொடுத்தேன். "வீட்ட எழுதிக் குடுத்து வெலைக்கு வாங்குன மாமன்" என்று அன்றிலிருந்து சொல்கிறார். வாங்கவில்லை. அவனாகக் கேட்கவுமில்லை. பத்திரத்தை எழுதி வைத்துவிட்டு, கையெழுத்துக்குத்தான் கேட்டான். "நெறமதி கல்யாணத்துக்கு மாமனா வந்து நிப்பேன்க்கா" என்று அன்று அவன் சொன்னது வேறு பேச்சு. இரண்டையும் முடிச்சுப் போடுவது அண்ணியின் புத்தி.

முடிவு செய்துவிட்டேன். விமானக் கம்பெனியிடம் இழப்பீடு கேட்கப்போகிறேன். பணம் வேண்டாம். கலவரத்தால் இந்தப் பயணி வர முடியவில்லை என்று அவர்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். ஆடிப் பெருக்குக்கு முன் அதை அண்ணி முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டும் சமயம், கையில் இல்லை என்றான். என் சேமிப்பிலிருந்து பாயிடம் கட்டினேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஜூன் 13, வெள்ளி

காலையில் கம்பெனிக்குப் போன். பாட்டு, பிறகு ஒரு பெண். நான் சொல்லச் சொல்ல "புரியுது மேடம்" என்றாள். ஒன்றும் புரிந்த குரலில்லை.

"அந்த நம்பர்ல பயணம் எதுவும் காட்டலையே மேடம்."

"எப்படிக் காட்டும்? நீங்கதான் ரத்து பண்ணிட்டீங்களே."

"எங்க சைடுல இருந்து ரத்து பண்ணுனதா இல்ல மேடம்."

"பின்ன நானா பண்ணேன்? கலவரத்த நான் பண்ணேனா?"

"நீங்க டிக்கெட் எடுத்த ஏஜென்ட்கிட்ட கேளுங்க மேடம். உங்க பொறுமைக்கு நன்றி."

என் பொறுமையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? பணம் கொடுக்கக் கூடாது என்றால் பயணமே இல்லை என்பார்கள். இப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். பெயர் கேட்டேன். ஷில்பா என்றாள். அதுவும் பொய்ப் பெயராகத்தான் இருக்கும்.

ஜூன் 14, சனி

குழி மூட ஆள் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நைனா முகமது பாயின் கடை பஸ் நிலையத்துக்கு எதிரில் மாடியில். அப்பா காலத்திலிருந்து பழக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முன்பெல்லாம் உட்கார்ந்தபடியே "வாம்மா" என்பார்.

இழப்பீடு என்றதும் பேனாவைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

"அதெல்லாம் நாளாகும்மா. கலவரத்துக்கெல்லாம் கம்பெனிக்காரன் குடுக்க மாட்டான்."

"குடுக்காட்டிப் போறான். காரணத்தச் சொல்லட்டும். நீங்க எழுதிக் கேளுங்க."

"தம்பிகிட்டப் பேசுனியாம்மா?"

"அவனுக்கு ஆயிரம் வேலை."

"ஒரு வார்த்த பேசிப் பாரேன்."

எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுகிறார்கள். கம்பெனி பாயைக் கை காட்டுகிறது, பாய் தம்பியைக் கை காட்டுகிறார். டீ வாங்கிவரச் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

தம்பியிடம் பேசினேன்.

"விடுக்கா. போனது போகட்டும். அவனுங்ககூடல்லாம் மல்லுக்கட்ட முடியுமா?"

"நீ அங்க கெடந்து பட்டதுக்கு ஒரு பதில் வேண்டாமாடா?"

"நான் ஒண்ணும் படல. அதாவது பட்டேன், இப்ப அத நெனச்சா… எதுக்குக்கா அதெல்லாம்? யாரு உன்ன இதுல எறக்கிவிட்டது? அந்தக் கெழவியா?"

விமான நிலையத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். நெரிசலில் பையே தொலைந்துவிட்டதாம். அதில் பாஸ்போர்ட்டும் இருந்ததா என்று பதறினேன். இல்லை, பாஸ்போர்ட் வேறு பையில் என்றான்.

நான் அலையக் கூடாது என்பதற்காகத்தான் வேண்டாம் என்கிறான். சின்ன வயதிலிருந்தே அப்படி. எனக்காக எதையும் கேட்கமாட்டான்.

எழுதிவிட்டு இந்த வரியைத் திரும்பப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். அடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். கலவரம் அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லாத சூழலாம். இழப்பீடு கிடையாதாம். எந்தப் பயணி, எந்தத் தேதி என்று ஒரு சொல் இல்லை. கலவரத்தில் மாட்டிய எல்லோருக்கும் இதையேதான் அனுப்பியிருப்பார்கள்.

அப்படியே அண்ணியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தார்.

"இதுல கலவரம் இருக்கு. உன் தம்பி எங்க இருக்கான்?"

எலுமிச்சை ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். இடது கை விரலில் கத்தி பட்டுவிட்டது. உப்பும் சாறும் ஏறி எரிகிறது. அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூலை 2, புதன்

பாய் போனை எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் சிக்னல் இல்லை என்று அவரே சொல்லிவிட்டு வைத்தார்.

ஜூலை 7, திங்கள்

நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். முதல் எதிர் தரப்பு கம்பெனி, இரண்டாவது நைனா முகமது. என் கணவர் படித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா எதுக்கு?"

"உங்க அக்காவுக்காக."

"எங்க அக்கா கேக்குறது ஒரே ஒரு கேள்வி. அத உன் தம்பிகிட்டக் கேட்டா போதாதா?"

இருபத்து நான்கு வருடத்தில் இந்த மனிதர் பேசாமல் இருந்த நாட்களே மேல்.

ஜூலை 15, செவ்வாய்

பாய் கடையில் சண்டை. தலைவலி. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 16, புதன்

நேற்று புகாரின் நகலோடு போனேன். கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், சிங்கப்பூர் டிக்கெட்டுக்கு. வேண்டுமென்றே சத்தமாகப் பேசினேன். "இவர்கிட்ட டிக்கெட் எடுக்காதீங்க. பணத்த வாங்கிக்கிட்டு ஆள நடுவழியில விட்டுருவாரு" என்றேன். ஒருவர் எழுந்து படியிறங்கிப் போனார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பாய் முகம் கறுத்துவிட்டது. "உள்ள வா" என்றார். 'அம்மா' இல்லை. உள் அறையில் பழைய காலண்டர்களும் ஒரு நாற்காலியும்தான். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"யாரு நடுவழியில நின்னா? உன் தம்பி வீட்டு வாசல்படியே தாண்டல."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

"கலவரம் வியாழக்கெழம. அவரு அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமயே டிக்கெட்ட ரத்து பண்ணச் சொல்லிட்டாரு. லீவு இல்லன்னு அக்காகிட்டச் சொல்லிக்கிறேன்னாரு. அதுக்குள்ள டி.வி.ல இது வந்துச்சு. அவருக்கு இதவிட நல்ல காரணம் கெடைக்குமா?"

"ஏன் வரல?"

"அந்த வீட்ட வித்துட்டாருல்ல, உனக்குத் தெரியாதா? வந்தா உங்க நாத்தனா சபையில வச்சுக் கேக்கும்னு பயம்."

வீட்டை விற்றது எனக்குத் தெரியாது. தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன்.

"நீங்க அன்னைக்கே சொல்லிருக்கணும் பாய்."

"கல்யாண வீட்டுல வந்து என்னன்னு சொல்ல? உங்கப்பா மொகத்துக்காக வாய மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்கு என் பேர்ல கேஸு."

எனக்கு அப்போது தோன்றிய கேள்வி அசிங்கமானது. ஆனாலும் கேட்டேன். டிக்கெட் பணம் திரும்பி வந்ததா?

"கழிச்சது போக வந்துச்சு. அதுலதான் தங்கக் காசு வாங்கச் சொன்னாரு. பழத்தட்டும் அதுலதான்."

"டிக்கெட் எடுத்தது என் பணம்னு அவனுக்குத் தெரியுமே."

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் பணத்தில் வாங்கிய காசை எனக்கே சீராக வைத்திருக்கிறான். அதை அண்ணியிடம் இரண்டு முறை காட்டியவள் நான். பாயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. படியிறங்கும்போது, "கேஸ என்ன பண்ணப் போற?" என்று மேலிருந்து கேட்டார். நகலை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

நிறைமதியை அழைத்து வந்தாயிற்று. மெலிந்திருக்கிறாள். மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆடிப் பெருக்கன்று வருவதாகச் சொல்லிப் போனார்.

பையைத் திறந்ததும் அவள் முதலில் எடுத்தது அந்தக் காசைத்தான். மஞ்சள் துணியில் முடிந்து பத்திரமாக வைத்திருக்கிறாள். "மாமா காசு தாலியில மொதல்ல கோக்கணும்மா. அப்புறந்தான் குண்டெல்லாம்."

அண்ணி என்னைப் பார்த்தார். "கம்பெனிக்காரன் என்ன சொன்னான்?"

"பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

"பெருக்குக்குள்ள பாத்துருவாங்களா?"

நிறைமதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் படிப்பதற்கென்றே பிறந்தவள். அவள் பார்ப்பதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணியிடம் சொல்லிவிடலாம். அது பொய்யன் காசு இல்லை, என் காசு, தாராளமாகக் கோர்க்கலாம் என்று சொன்னால் முடிந்தது. காசு கழுத்தில் ஏறிவிடும். ஆனால் அதற்குப் பிறகு நான் இந்த வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது? தம்பியை இழப்பதுகூடப் பெரிதில்லை. அண்ணி சொன்னது அத்தனையும் சரியாகிவிடும்.

ஜூலை 25, வெள்ளி

வங்கிக்குப் போனேன். மாதா மாதம் கட்டிவந்த சேமிப்பை முடித்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் முழு வட்டி வரும் என்றாள் கவுண்டர் பெண். வேண்டாம் என்றேன். வரும் வழியில் அல்வா வாங்கினேன்.

ஜூலை 26, சனி

இழப்பீடு வந்துவிட்டது.

எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது கவரை மேஜையில் வைத்தேன். நைனா பாய் மூலமாகக் கம்பெனி அனுப்பியது, கலவரத்தால் நேர்ந்த சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள் என்றேன். குரல் நன்றாகவே வந்தது. நிறைமதி கைதட்டினாள். என் கணவர் என்னைப் பார்த்துவிட்டு அல்வாவைப் பார்த்தார்.

அண்ணி கவரை எடுத்தார். எண்ணவில்லை. ஒரு நோட்டை உருவி விரலால் தடவினார், கவுண்டரில் தடவிய அதே மாதிரி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நோட்டைப் பார்த்த நேரத்தைவிட என்னைப் பார்த்த நேரம் அதிகம்.

"நோட்டு நல்ல நோட்டுதான்" என்றார்.

பிறகு, "கோத்துக்கச் சொல்லு" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

வாசல் குழிகளை நானே மூடினேன். மண்வெட்டியும் கூடையும் பக்கத்து வீட்டில் வாங்கினேன். அண்ணி வாசற்படியில் நின்று, "அந்த மூலையில இன்னும் போடு, அங்கதான் எறங்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே போகவுமில்லை, கூடையைத் தொடவுமில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு

விடியும் முன்பே மாப்பிள்ளை வந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மாள் மஞ்சள் கயிற்றில் தாலியைப் பிரித்துக் கோர்த்தார். முதலில் காசு, பிறகு குண்டும் பவளமும். காசு சற்று வழுக்கியது. நிறைமதி கழுத்தைக் குனிந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். என் பணம் என் பெண்ணின் கழுத்தில் இருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிறகு சமையல். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், மாப்பிள்ளைக்காக சாம்பாரும். அண்ணி தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். நான் புளிக்காய்ச்சலைச் சாதத்தில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் புளி. "யாருன்னு பாத்துப் போடுங்க அண்ணி" என்றேன். அவர் ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தார்.

இளவழகன். வாழ்த்தெல்லாம் சொன்னான். காசு கோர்த்தாயிற்றா என்று கேட்டான். பிறகு இருமினான்.

"நெறமதி சொன்னா. இழப்பீடு வந்துருச்சாமே?"

"ம்."

"பரவாயில்லையே, விடாம வாங்கிட்ட. அக்கா, நான் தப்பா கேக்கல. டிக்கெட்டு என் பேருதான. பயணி நான்தான. சட்டப்படி பாத்தா அது எனக்குத்தான் வரணும். முழுசும் வேண்டாம். பாதி அனுப்பிவிடு, போதும்."

வாழைப்பூ ஆய்ந்த கை நின்றது. அண்ணி தலையை நிமிர்த்தவில்லை.

என்னென்னவோ தொண்டை வரை வந்தது. விற்ற வீடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரத்தான டிக்கெட் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால், எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டுவேன்.

அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. நீளமாக.

"அக்கா? என்னக்கா சத்தம்? ஒண்ணும் கேக்கல. எங்க இருக்க?"

"ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டேன்டா தம்பி" என்றேன். "இங்க ஒரே கலவரம். மனசெல்லாம் உங்கிட்டதான் இருக்கு."

முழங்கையால் போனை அணைத்தேன். பிறகு அடுப்பை அணைக்கத் திரும்பினேன்.

அண்ணி வாழைப்பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அணைக்காத. இன்னும் ரெண்டு விசில் வரட்டும்."